நீருக்கடியில் ட்ரைபாட்: எதை வாங்குவது, எப்படி நிறுத்துவது

ஹவுசிங்கை (கேமராவின் நீர்புகாக் கூடு) மூடுவது, ஓ-ரிங் (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) துடைப்பது, கசிவு சோதிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். டைவிங்கில் மிதப்பைக் கையாளவும் தெரிந்திருக்க வேண்டும். அது இன்னும் கைவரவில்லை என்றால் முதலில் கேமரா இல்லாமல் பழகிவிட்டு வாருங்கள். ட்ரைபாட் விஷயத்தில் பாதி வேலை மிதப்புதான்.

எப்போது தேவை?

சிற்றுயிர்களை மிக நெருக்கமாக எடுக்கும் மேக்ரோ வீடியோவுக்குக் கண்டிப்பாக வேண்டும். ஒரு சிறு இறாலைத் திரை நிறைய எடுக்கும்போது, நீங்கள் மூச்சு விடும் அசைவே படத்தைக் கெடுத்துவிடும். அடுத்து, கூச்ச சுபாவமுள்ள உயிர்கள். மணலில் வளையிட்டு வாழும் விலாங்குகள் ஆள் அருகில் இருக்கும்வரை தலை காட்டாது. கேமராவை ஓடவிட்டு நீங்கள் விலகிப் போனால்தான் மறுபடி வெளியே வரும். டைம்லாப்ஸுக்கும் இதே காரணம்தான்.

ஃப்ளாஷ் அடித்து எடுக்கும் சாதாரண ஸ்டில் படங்களுக்கு ட்ரைபாட் வேண்டியதில்லை. ஃப்ளாஷ் ஒளி மிகக் குறைந்த நேரமே எரிவதால் அசைவு தெரியாது. நீரோட்டம் பலமாக இருக்கும் நாளில் எதற்குமே எடுத்துப் போகாதீர்கள்.

தரையில் வைக்கும் ட்ரைபாட் ஏன் ஆகாது?

முறுக்கிப் பூட்டும் கால்களுக்குள் மணல் புகுந்தால் பூட்டு இறுகாது, பிறகு கழற்றவும் வராது. உள்ளே இருக்கும் சாதாரண எஃகுத் திருகுகள் உப்பு நீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். குழாய்க்குள் அடைபட்ட காற்று, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழியாக வெளியேறும்.

எடைக் கணக்கும் உதைக்கும். ஒரு கிலோ அலுமினியம் கடல் நீருக்குள் சுமார் 620 கிராம்தான் கனக்கும். கார்பன் ஃபைபர் 360 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். ஈயம் மட்டும் 910 கிராம் வரை கனக்கும். தரையில் பெருமையாகச் சொல்லப்படும் கார்பன் ஃபைபருக்கு நீருக்கடியில் வேலையே இல்லை. அதைவிட மோசம், உப்பு நீரில் கார்பனோடு தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் வேகமாக அரிக்கும்.

எதை வாங்குவது?

என் தேர்வு எப்போதும் பந்து-க்ளாம்ப் அமைப்புதான். ஹவுசிங்கைத் தாங்கும் ட்ரேயின் அடியில் மூன்று பந்துகள் கொண்ட ஒரு தட்டு, அதிலிருந்து க்ளாம்ப் வழியாக மூன்று அலுமினிய ஆர்ம்கள் (லைட்டைத் தாங்கும் தண்டுகள்) கால்களாக. லைட்டுகளுக்கு ஏற்கெனவே பயன்படுத்தும் அதே 25 மில்லிமீட்டர் பந்துதான் என்பதால் பாகங்களை மாற்றி மாற்றிப் போடலாம். பாதியில் ஒரு கால் பழுதானால் லைட் ஆர்மைக் கழற்றிக் காலாக்கிக்கொள்ளலாம். வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

- மேக்ரோவுக்கு 15 முதல் 20 செ.மீ. கால் போதும். வைட் ஆங்கிளுக்கு 30 முதல் 40 செ.மீ. ஒரே நீளக் காலால் இரண்டையும் சமாளிக்கப் பார்ப்பது வீண்.
- காற்று அடைத்த மிதவை ஆர்மைக் காலாகப் போடாதீர்கள். லைட்டுக்கு நல்லது, இங்கே நேர் எதிரி.
- பந்தைச் சுற்றி ரப்பர் ஓ-ரிங் இருக்க வேண்டும். பிடிமானம் தருவது அதுதான். அதில் கிரீஸ் தடவக் கூடாது. ஹவுசிங் ஓ-ரிங்குக்குத் தடவிய பழக்கத்தில் இதற்கும் தடவிவிட்டால் கால்கள் மெல்ல மெல்லச் சரியும்.
- க்ளாம்ப் திருகின் கைப்பிடி, கையுறை போட்ட விரலால் இறுக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.
- பாதம் அகலமாக இருக்கட்டும். வண்டல் தரையில் கூர்முனை புதைந்துகொண்டே போகும்.

எடை சேர்ப்பது

கொக்கித் தராசு ஒன்றும் பெரிய தொட்டி ஒன்றும் போதும். பேட்டரி, லைட், போர்ட் (லென்ஸுக்கு முன்னுள்ள ஒளிபுகும் மூடி), கால்கள் எல்லாவற்றையும் பூட்டி, முழுதாக நீரில் மூழ்கும்படி தராசில் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவதுதான் நீருக்குள் இருக்கும் எடை. தொட்டி நன்னீர் என்றால் கடலில் இன்னும் கொஞ்சம் குறையும்: 6 லிட்டர் இடத்தை அடைக்கும் தொகுப்புக்குச் சுமார் 150 கிராம். தொகுப்பு மிதந்தால், மூழ்கும்வரை ஈயம் கட்டிக்கொண்டே வந்து அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

அமைதியான நீரில் மேக்ரோவுக்கு, நீருக்குள் இருக்கும் எடை 1 முதல் 1.5 கிலோ போதும். டோம் (அரைக்கோள வடிவப் போர்ட்), இரண்டு வீடியோ லைட் என்றால் 2 கிலோ. புதியவர்கள் 2 கிலோவைத் தாண்ட வேண்டாம். காரணம் அடுத்த பகுதியில்.

எடையைக் கூட்டுவதற்கு முன் உயரத்தைக் குறைத்துப் பாருங்கள். கேமரா நிற்கும் உயரத்தைப் பாதியாக்கினால், கவிழாமல் நிற்பதில் எடையை இரட்டிப்பாக்கிய பலன் கிடைக்கும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே விரித்து வைத்த லைட் ஆர்ம்களையும் கொஞ்சம் உள்ளே மடக்குங்கள்.

ஈயத்தை நடுவில் கயிற்றில் தொங்கவிடாதீர்கள். அலைவில் அது ஊசலாடி ட்ரைபாடையே ஆட்டும். ஒவ்வொரு காலின் கீழ்முனையிலும் 500 கிராம் கட்டியைப் பட்டையால் இறுகக் கட்டுவதுதான் என் விருப்பம். பெரிய டோம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 200 மி.மீ. விட்டமுள்ள முழு அரைக்கோள டோமுக்குள் சுமார் 2 லிட்டர் காற்று இருக்கிறது. அது முன்பக்கத்தை மேலே தூக்கும். ஈயத்தில் பெரும்பங்கு முன்பக்கக் கால்களுக்குப் போகட்டும்.

கையை விடும் நேரம்

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 2 கிலோ கனக்கும் கேமராவோடு நீந்தும்போது, அதை ஈடுகட்ட உங்கள் பி.சி.டி.யில் (மிதப்பைச் சரிசெய்யக் காற்று நிரப்பும் அங்கி) ஏறக்குறைய 2 லிட்டர் காற்று கூடுதலாக இருக்கும். கேமராவைத் தரையில் வைத்துக் கையை எடுத்த நொடி, எடை போய்விட்டது, காற்று அப்படியே இருக்கிறது. நீங்கள் மேலே கிளம்புவீர்கள். சில மீட்டர் ஏறியதும் காற்று விரிந்து ஏற்றம் இன்னும் வேகமாகும். டைவின் பிற்பகுதியில் இது கடுமையாக இருக்கும்: 12 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தக் காற்று மூச்சாகத் தீர்ந்தால், சிலிண்டரே 2 கிலோவுக்கு மேல் இலேசாகிவிடும்.

செய்ய வேண்டியது இது. ட்ரைபாட் தரையில் நின்றதும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே இருங்கள். மறுகையால் பி.சி.டி. காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றுங்கள். பிடியை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். உடல் மேலே இழுத்தால் மறுபடி பிடித்து இன்னும் கொஞ்சம் வெளியேற்றுங்கள். விரல் நுனி மட்டும் தொட்டபடி மூன்று நான்கு மூச்சு அசையாமல் இருக்க முடிந்த பிறகே முழுதாக விலகலாம்.

திரும்ப எடுக்கும்போது வரிசை தலைகீழ். முதலில் பிடி, பிறகு காற்று. காற்றை முன்னதாக நிரப்பிக்கொண்டு கேமராவை நோக்கி வந்தால் வழியிலேயே மிதந்துவிடுவீர்கள். மேலேறும்போது அந்தக் கூடுதல் காற்றைத் தொடக்கத்திலிருந்தே விட்டுக்கொண்டு வாருங்கள். 10 மீட்டர் ஆழத்தில் இருந்த காற்று, நீர்மட்டத்தில் இரண்டு மடங்காகும்.

பெல்ட்டிலிருந்து ஈயத்தைக் கழற்றி ட்ரைபாடில் கட்டுவது சாமர்த்தியமாகத் தோன்றும். செய்யவே செய்யாதீர்கள். கேமரா கையைவிட்டுப் போனால் உங்களைக் கீழே வைத்திருக்க எதுவும் மிஞ்சாது. கேமராவை உடம்போடு கட்டவும் கூடாது. ஒரு கையால் சட்டென்று விடுவிக்கக்கூடிய கொக்கி போதும்.

நிறுத்துவது

வெறும் மணலோ உடைந்த கற்களோ உள்ள இடம்தான் வேண்டும். உயிருள்ள பவளத்தின் மேல் ஒரு பாதம்கூடப் படக் கூடாது. சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தை நிதானமாகப் பாருங்கள்: மணலுக்குள் புதைந்த திருக்கையின் கண்கள், கல்லோடு கல்லாக இருக்கும் கல்மீன், கடல் முள்ளெலி, சிறு வளைகள்.

கால்களைத் தரைக்கு மேலேயே விரித்துவிட்டு இறக்குங்கள். நீரோட்டத்துக்குப் பக்கவாட்டிலிருந்து நெருங்குவது நல்லது. நீர் வரும் பக்கம் நின்றால் நீங்கள் கிளப்பும் வண்டல் நேராகப் படச் சட்டத்துக்குள் போகும். நீர் போகும் பக்கம் நின்றால், நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் மீன்களின் வாலைத்தான் எடுக்க முடியும். ஃபின்னை மேல்கீழாக அடிக்காமல் தவளை உதையில் வாருங்கள். பாதங்களை மணலில் ஓரிரு சென்டிமீட்டர் அழுத்தி, கால் க்ளாம்ப்களை முதலிலும் மேல் க்ளாம்பைக் கடைசியிலும் இறுக்குங்கள்.

கால்களின் திசைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே திசையில் ஓடும் நீர் என்றால், ஒரு கால் நீர் போகும் பக்கம் நீட்டியிருக்கட்டும். இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட பக்கம் அந்தத் திசையில் இருந்தால், தாங்கும் தூரம் பாதியாகிவிடும். முன்னும் பின்னுமாக வரும் அலைவில், ஒரு காலை அலைவுக்குக் குறுக்காக வையுங்கள். அப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு தாங்கும்.

வைட் லென்ஸ் என்றால் சட்டத்தின் கீழ் மூலைகளை ஒருமுறை பாருங்கள். முன்கால் தலைகாட்டுவது வழக்கம்.

படப்பிடிப்பு

இமேஜ் ஸ்டெபிலைசரை அணையுங்கள். ட்ரைபாடில் அது சில கேமராக்களில் சட்டத்தை மெல்ல நகர்த்தும். ஃபோகஸை மேனுவலில் பூட்டுங்கள். இல்லையென்றால் மிதந்து வரும் ஒவ்வொரு துகளையும் கேமரா துரத்தும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 1/50, 50 ஃப்ரேம் என்றால் 1/100. தானாக அணையும் வசதியை கேமராவிலும் லைட்டிலும் நிறுத்திவிடுங்கள்.

லைட்டுகளைப் போர்ட்டிலிருந்து நன்றாக விலக்கி, ஒளியின் விளிம்பு மட்டும் பொருளைத் தொடும்படி திருப்பினால் துகள்கள் பளிச்சிடாது. கேமரா நிலையாக நிற்பதால் ஒரு லைட்டைக் கழற்றிப் பொருளின் பின்பக்கம் தனியாக வைக்கவும் முடியும். கண்ணாடி இறாலின் ஒளி ஊடுருவும் உடல் பின்னொளியில்தான் முழுதாகத் தெரியும். கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு இது எளிதில் கிடைக்காது.

ரெக்கார்டு போட்டதும் வண்டல் படிய இரண்டு நிமிடம் விட்டு, மூன்று முதல் ஐந்து மீட்டர் விலகுங்கள். ட்ரைபாட் கண்ணில் இருக்கும் தூரம்தான் எல்லை. விலகும்போதே சிலிண்டர் அழுத்தத்தைப் பார்த்து, எத்தனை பாரில் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கேமரா ஓடுகிறதே என்று அதை நீட்டிக்கக் கூடாது.

டைவ் முடிந்ததும்

க்ளாம்ப்களை எல்லாம் தளர்த்தி நன்னீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். இறுக்கிய நிலையில் ஊறவைத்தால் பந்துக்கும் க்ளாம்புக்கும் நடுவே உள்ள உப்பு அங்கேயே காய்ந்துவிடும். ஊறும்போது ஒவ்வொரு மூட்டையும் ஆட்டி மணலை வெளியேற்றுங்கள். திருகு மரைக்கு மட்டும் துளி சிலிகான் கிரீஸ். நிழலில் காயட்டும்.

பின்சேர்க்கை: ஆக்‌ஷன் கேமரா

கோப்ரோ போன்ற சிறு கேமராவுக்கு வளையும் கால் ட்ரைபாட் போதுமா என்றால், நீர் அசையாமல் இருக்கும்வரை போதும். கொஞ்சம் அலைவு வந்தாலும் அந்தக் கால்கள் வளைந்து கேமரா தலையாட்டும். ஒரு கிலோ ஈயக்கட்டியின் மேலேயே கேமராவை நேராகப் பொருத்திவிடுங்கள். காலே வேண்டாம். தரையோடு ஒட்டிய கோணம் கிடைக்கும், கவிழவும் கவிழாது. கட்டியின் விளிம்பு சட்டத்தில் தெரியாதபடி கேமராவை அதன் முன் ஓரத்தில் வையுங்கள்.