பழைய பிக்கப்புக்குக் கம்மின்ஸ் 6பிடி: எந்த வண்டியை வாங்குவது?

அமெரிக்காவில் பழைய பிக்கப்பைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் பலருக்கும் ஒரே ஆசைதான்: பானட்டைத் தூக்கினால் உள்ளே கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் இருக்க வேண்டும். 1989 மாடல் டாட்ஜ் பிக்கப்பில் வந்த 6பிடி எஞ்சின் அது. நம் ஊர் லாரிப் பட்டறைகளுக்கும் இது புதிதல்ல. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்து டாடா லாரிகளில் ஓடியது இதே குடும்பத்து எஞ்சின்தான்.

லாரிக்கென்று செய்த எஞ்சின் என்பதை மறந்துவிட்டு, முகம் லட்சணமாக இருக்கிறதே என்று 1950களின் வண்டி ஒன்றை முதலில் வாங்கிவிடுகிறார்கள். பிறகு ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டை) வெட்டுகிறார்கள், குறுக்குச் சட்டத்தை வெட்டுகிறார்கள், ரேடியேட்டருக்கு இடமில்லாமல் கிரில்லையும் வெட்டுகிறார்கள். "வேலை முக்கால்வாசி முடிந்தது" என்று விற்பனைக்கு வருகிற வண்டிகளில் நிறைய இப்படி நின்றுபோனவை. எஞ்சினின் அளவும் எடையும் மாறப்போவதில்லை. அதனால் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் வண்டி தேட வேண்டும்.

எஞ்சின் கேட்கும் இடம்

6பிடி வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்டது. போர் 102 மி.மீ., ஸ்ட்ரோக் 120 மி.மீ. எண்ணெய், தண்ணீர் இல்லாமலே ஏறத்தாழ 500 கிலோ. நீளம் 40 அங்குலத்துக்குச் சற்று மேல், உயரம் 38 அங்குலத்தை ஒட்டி, அகலம் 25 அங்குலம். சம்ப் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி), டர்போ, ஃபேன் ஹப் ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவுகள் கொஞ்சம் மாறும். முன்பக்கம் ஃபேன், அதன் உறை, ரேடியேட்டர், இன்டர்கூலர் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னும் 10 அங்குலமாவது வேண்டும்.

வண்டி பார்க்கப் போகும்போது டேப் மட்டும் போதாது. மெல்லிய ரீப்பர் கட்டைகளை 40 × 25 × 38 அங்குலப் பெட்டியாக அடித்து எடுத்துப் போங்கள். பழைய எஞ்சின் இறக்கிய வண்டி என்றால் அதை நேராக உள்ளே வைத்துப் பார்க்கலாம். எஞ்சினோடு இருந்தால் பக்கத்தில் நிறுத்தி அளவை ஒப்பிட்டுக்கொள்ளலாம். நாலு இடத்தை விடாமல் பாருங்கள்.

முதலாவது, பின்கோடி. 12 வால்வ் ஹெட்டில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு தனித்தனி வால்வ் மூடிகள். ஆறாவது மூடி கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டால், டேப்பெட் (வால்வ் இடைவெளி) சரிசெய்ய ஒவ்வொரு முறையும் எஞ்சின் மவுண்டைக் கழற்ற வேண்டியிருக்கும். இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020 அங்குலம் இடைவெளி வைக்க வேண்டிய எஞ்சின் இது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் பிடித்த கை அங்கே நுழைய வேண்டும். மூடியைத் தூக்கி வெளியே எடுக்கிற அளவுக்கு மேலே இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, வலப்பக்க ஃபயர்வால். டீசல் பம்பு இடப்பக்கம், அதாவது அமெரிக்க ஓட்டுநர் பக்கம். எக்ஸாஸ்டும் டர்போவும் வலப்பக்கம். ஸ்டியரிங் ராடுக்குத் தொல்லையில்லை என்றாலும், பல பழைய பிக்கப்புகளில் ஹீட்டர் பெட்டியும் ஏசி பெட்டியும் டர்போவின் குழாய் இறங்கும் இடத்திலேயே இருக்கும். ஏசி வைத்த 1973-87 ஷெவர்லே இதில் பெரிய தலைவலி.

மூன்றாவது, சம்ப். டாட்ஜ் பிக்கப்பிலிருந்து எடுத்த எஞ்சினில் ஆழமான பகுதி பின்னால் இருக்கும். முன்புறம் ஆக்சில் மேலும் கீழும் போய்வர இடம் கிடைக்கும். லாரி, ஜெனரேட்டர், பண்ணை இயந்திரம் இவற்றிலிருந்து வந்த எஞ்சின்களில் சம்ப் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மலிவாகக் கிடைத்தது என்று அதை வாங்கினால் சம்ப், ஆயில் உறிஞ்சும் குழாய் இரண்டையும் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்சில் மேலே எழும்பி பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் முட்டும் நிலையில் சம்புக்கும் அதற்கும் ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். நின்ற நிலையில் அளந்து ஏமாறக் கூடாது.

நான்காவது, பானட்டின் உட்சட்டம். இதில் இடித்தால் எஞ்சினை இறக்கிவைக்கலாம் என்பார்கள். இறக்கினால் சம்ப் ஆக்சிலில் இடிக்கும்.

முன் ஆக்சிலில் எவ்வளவு ஏறுகிறது

ஷெவர்லே 350 வி8 சுமார் 260 கிலோ. ஃபோர்டு 390 ஏறத்தாழ 295 கிலோ. டாட்ஜின் சாய்ந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் 215 கிலோவை ஒட்டி வரும். ஆக, எது இருந்தாலும் கூடுதலாக 200 முதல் 285 கிலோ வரை முன்னால் ஏறும். இன்டர்கூலர், பெரிய ரேடியேட்டர், இரண்டாவது பேட்டரி தனி.

வாங்கும் முன் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோய் முன் சக்கரங்களை மட்டும் நிறுத்தி எடை போடுங்கள். ஒரு எடுத்துக்காட்டு: முன் ஆக்சிலில் 1,180 கிலோ காட்டுகிறது, உள்ளே ஃபோர்டு 390. அதில் 295 கழித்து, கம்மின்ஸுக்கு 500, மற்றவற்றுக்கு 60 கூட்டினால் 1,445. ஓட்டுநரும் ஒரு துணையும் ஏறினால் அவர்கள் எடையில் ஏறக்குறைய பாதி முன்னால் விழும், 1,500-ஐத் தாண்டிவிடும். முன் ஆக்சில் 1,590 கிலோ தாங்கும் என்றால் தப்பித்தோம். 1,360 கிலோதான் என்றால், ஸ்பிரிங் பட்டைகளை மட்டும் தடிப்பாகப் போட்டு ஒப்பேற்றக் கூடாது. பட்டை தாங்கும், பேரிங்கும், சக்கரம் திரும்பும் கிங்பின் முளையும், பிரேக்கும் தாங்காது.

இதற்காகப் பயந்து டேனா 60 என்ற கனமான முன் ஆக்சில் இல்லாமல் தொடமாட்டேன் என்பதும் மிகை. கம்மின்ஸ் வைத்த டாட்ஜ் டபிள்யூ-250-யே முன்னால் அதைவிட இலகுவான டேனா 44 ஆக்சிலோடுதான் கம்பெனியிலிருந்து வந்தது. முக்கால் டன் சுமை ரகப் பிக்கப்பின் டேனா 44, புதுப் பேரிங், கனமான பட்டை, நல்ல டிஸ்க் பிரேக் இருந்தால் சாலை ஓட்டத்துக்குப் போதும்.

எந்த வண்டி, எது வேண்டாம்

வேலை குறைய வேண்டும் என்றால் 1972-93 டாட்ஜ். கம்பெனியே கம்மின்ஸ் வைத்த கேபின் 1972-ல் வந்த அதே வடிவம்தான். 1981-க்குப் பிந்தையதில் எஞ்சின் மவுண்ட், ரேடியேட்டர் சட்டம், ஸ்பிரிங் ஆகியவை 1989-93 வண்டியிலிருந்து பெரும்பாலும் அப்படியே வந்து உட்காரும். 1972-80 வண்டிக்குத் துளை போடுவதும் பிராக்கெட் மாற்றுவதும் உண்டு. இடித்துப் போன 1989-93 கம்மின்ஸ் டாட்ஜ் ஒன்றை முழுசாக வாங்கி, பழைய டாட்ஜோடு பக்கத்தில் நிறுத்திவைத்துச் செய்வதுதான் புத்திசாலித்தனம். எஞ்சின், கியர் பாக்ஸ், அடாப்டர் தட்டு, ஃபிளைவீல், வேக்கம் பம்பு, வயரிங் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தனித்தனியாகத் தேடினால் எஞ்சின் விலையைவிட இந்தச் சில்லறைதான் பணத்தைக் கரைக்கும்.

அடுத்தது ஃபோர்டு எஃப்-250, 1967-77 நான்கு சக்கர இயக்கம். உயரமாக நிற்கும், முன்னால் பட்டை ஸ்பிரிங், திடமான ஆக்சில், அகலமான எஞ்சின் அறை. ஃபோர்டின் நீளமான 300 கன அங்குல ஆறு சிலிண்டருக்கும் இடம் விட்ட அறை அது. அதே காலத்து இரு சக்கர இயக்க ஃபோர்டில் முன்னால் இரட்டை ஐ-பீம், அதாவது சக்கரத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே அசையும் இரண்டு உத்தரங்கள். எடை ஏறி வண்டி தாழ்ந்ததும் சக்கரத்தின் மேல் விளிம்பு உள்ளே சாயும், டயர் உட்பக்கமாகத் தேயும். அதைத் தவிர்க்கலாம்.

1973-87 ஷெவர்லே நான்கு சக்கர வண்டிகள் மலிவு, பாகம் ஏராளம். ஆனால் ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டிய இடத்தில் சேசிஸ் விரிசல் விடுவது இவற்றில் பேர்போன நோய். பெரிய டயரும் 500 கிலோ எஞ்சினும் சேர்ந்தால் அது சீக்கிரம் வரும். ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட்டுகளைச் சுற்றி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பச் சொல்லிக் கவனியுங்கள். விரிசல் இருந்தால் கோடு விரிவது கண்ணுக்கே தெரியும். இன்னொன்று: இந்த ஷெவர்லேயில் முன் டிஃப்ரன்ஷியல் வலப்பக்கம், ஃபோர்டில் இடப்பக்கம். முன் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அதே பக்கத்தது இல்லையென்றால் முன் ஷாஃப்ட் மாட்டவே முடியாது.

1947-59 ஷெவர்லே அரை டன் பிக்கப்புகளின் எஞ்சின் அறை ஆறு சிலிண்டருக்கென நீளமானது, அதனால் பலர் ஆசைப்படுவார்கள். நீளம் இருக்கிறது, சேசிஸ் பலமில்லை. பாடியை மட்டும் எடுத்து 1989-98 டாட்ஜ் சேசிஸில் ஏற்றுவதே சரியான வழி. அது வேறு வேலை, வேறு செலவு.

சின்ன வண்டிகளில் 6பிடி கூடவே கூடாது. சக்கர இடைவெளி 100 அங்குலமே உள்ள இன்டர்நேஷனல் ஸ்கவுட்டில் ஏற்றினால் முன்பக்கம் கனத்து, ஈரச் சாலையில் பிரேக் பிடித்ததும் பின் சக்கரம் வழுக்கும். டீசல்தான் வேண்டும் என்றால் நாலு சிலிண்டர் 4பிடி இருக்கிறது, 3.9 லிட்டர், சுமார் 340 கிலோ. ரொட்டி, சிப்ஸ் விநியோக வேன்களிலிருந்து கிடைக்கும். ஆனால் நடுக்கம் அதிகம். தகரக் கேபினில் நட்டு கழன்றுகொண்டே இருக்கும்.

கிரவுன் பினியன் கணக்கு

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு மனம் உடைவது இங்கேதான், ஆக்சிலில் உள்ள கிரவுன் பினியன் பல்சக்கர விகிதத்தில். 1989 எஞ்சின் 2,500 ஆர்பிஎம்மில் 160 குதிரைத்திறன் தரும். 400 பவுண்டு-அடி டார்க், அதாவது சுமார் 540 நியூட்டன் மீட்டர், 1,700-ஐ ஒட்டியே வந்துவிடும். பெட்ரோல் வி8 போல 4,000 வரை இழுக்காது. நெடுஞ்சாலையில் 1,600 முதல் 2,000 வரை சுற்றினால் சுகம்.

மைல் வேகம் × கிரவுன் விகிதம் × 336, அதை டயரின் உயரத்தால் (அங்குலம்) வகுத்தால் டாப் கியரில் ஆர்பிஎம் கிடைக்கும். 4.10 விகிதம், 33 அங்குல டயர், 60 மைல்: 2,505. 0.75 விகித ஓவர்டிரைவ் (டாப்புக்கும் மேலான கியர்) கொண்ட என்வி4500 கியர் பாக்ஸ் போட்டால் 1,880. அருமை. பழைய டாட்ஜ் பவர் வேகனின் 5.83 விகிதத்தில் 35 அங்குல டயரோடு 55 மைல் போனால் 3,080 ஆர்பிஎம், எஞ்சின் கதறும். ஓவர்டிரைவோடும் 2,310. இன்டர்நேஷனல் லோட்ஸ்டார், ஃபோர்டு எஃப்-600 போன்ற நடுத்தர லாரிகளின் சேசிஸ் இந்த எஞ்சினுக்கு ஏற்றதுதான். ஆனால் அவற்றின் கிரவுன் பெரும்பாலும் 6-ஐத் தாண்டும். பின் ஆக்சிலையே மாற்றும் எண்ணம் இல்லாமல் அவற்றை வாங்க வேண்டாம்.

பிரேக்கும் மீதியும்

டீசல் எஞ்சினில் இன்டேக் வேக்கம் கிடையாது. பூஸ்டர் பிரேக் வேண்டுமென்றால் டாட்ஜில் பவர் ஸ்டியரிங் பம்போடு சேர்ந்து வரும் வேக்கம் பம்பைக் கழற்றாமல் வாங்குங்கள், இல்லையேல் ஸ்டியரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோபூஸ்ட் போடுங்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிக்கப்புகளில் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதை இரட்டைச் சுற்றாக்காமல் இந்த எஞ்சினை ஏற்றக் கூடாது.

எஞ்சின் தேர்வில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: 1989-93-ன் விஇ வகை டீசல் பம்பு உள்ள எஞ்சினுக்கு ஒரே ஒரு 12 வோல்ட் வயர் கொடுத்தால் ஓடும், பழைய வண்டிக்கு அதுவே லாபம். 1994-98-ன் பி7100 பம்பு பலம் கூடியது, பவர் ஏற்ற நினைப்பவருக்கு. எதை எடுத்தாலும், வண்டிக்குள் இறக்கும் முன்பே டைமிங் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் டவல் பின் என்ற சிறு முளைக்குத் தடுப்புத் தகடு வையுங்கள். அதிர்வில் அது நழுவிக் கியர்களுக்குள் விழுந்தால் டைமிங் கேஸ் உடையும். எஞ்சின் ஸ்டாண்டில் இருக்கும்போது ஒரு மாலை வேலை. வண்டிக்குள் போனபின் ரேடியேட்டர் முதல் கழற்ற வேண்டும்.

புகைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் 1975-க்கும் அதற்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளுக்கும், 1997-க்கும் அதற்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கும் புகைப் பரிசோதனை கிடையாது. இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பவர் வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை முதலில் படிக்கட்டும். எஞ்சினை மாற்றிய வண்டிக்கு 50 ஆண்டு கடந்த வின்டேஜ் பதிவும் கிடைக்காது.

கடைசியாக, விலை பேசும் முன் வண்டிக்கடியில் படுத்து, எஞ்சின் மவுண்ட் குறுக்குச் சட்டத்தின் ரிவெட்டுகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இறுக்கமான ரிவெட் கணீரென்று கேட்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும், சுற்றிலும் செந்தூள் உதிரும். இரண்டு மூன்று தளர்ந்திருந்தால் ரிவெட்டை எடுத்து கிரேடு 8 எனும் உறுதி கூடிய போல்ட் போட்டுக்கொள்ளலாம். சட்டத்தின் தகடே செதில் செதிலாக உரிந்தால் அந்த வண்டி வேண்டாம்.