ஐசிபிசி போட்டிக்குப் பணம் திரட்டியபோது திருத்திக்கொண்டது

ஐசிபிசி என்பது கல்லூரி மாணவர்களுக்கான கணினி நிரலாக்கப் போட்டி. அணிக்கு மாணவர் 3 பேர். பயிற்சியாளரோடு 4 டிக்கெட். முதல் தடவை காரைக்குடியில் வசூல் நோட்டுப் புத்தகத்தோடு போய் ரொக்கமாகக் கேட்டோம். பெரிய தொகை வரவில்லை. ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், நன்கொடைக்கான 80ஜி பிரிவு வரிவிலக்கு கிடையாது (புதிய வரிமுறைக்காரர்களுக்கு எப்படியும் இல்லை). அடுத்த தடவை 80ஜி பதிவுள்ள அறக்கட்டளைக் கணக்கில் காசோலையாக வாங்கினோம். கொடுப்பவரின் பான் எண்ணை அப்போதே குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வரிவிலக்குக்கு வேண்டிய 10பிஇ நன்கொடைச் சான்றிதழ் நின்றுபோகும்.

"உதவுங்கள்" எடுபடவில்லை. "ஒரு பிள்ளைக்கு ரயில், தங்கல், சாப்பாடு, பதிவுக் கட்டணம் இவ்வளவு" என்ற சீட்டு எடுபட்டது. புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற பங்கு) கட்டிப் பழகிய ஊராச்சே!

மீதித் தொகைக்குத் தேன்குழல், மனகோலம் என்று பலகார ஆர்டர் எடுத்தோம். முன்பணம் வாங்காமல் மாவு அரைக்காதீர்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும். அணி போட்டிக்குத் தேர்வான செய்தி அதற்குப் பிறகு வரலாம். தட்கல் கட்டணத்தையும் சேர்த்தே கேளுங்கள்.