இந்திய வெளியுறவுப் பணி: தூதர் பதவிக்கான பாதை மொழியில் தொடங்குகிறது

தூதராக விரும்புபவர் முதலில் எழுத வேண்டியது யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு. பொதுப் பிரிவினர் 21 வயது முதல் 32 வரை, 6 முறை எழுதலாம். முதன்மைத் தேர்வையும் நேர்காணலையும் தமிழிலேயே சந்திக்கலாம். தமிழ் இலக்கியம் விருப்பப் பாடமாகவும் உண்டு. ஆனால் முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதிலுள்ள சிசாட் என்ற திறனறித் தாளில் 33 சதவீதம் எடுக்காவிட்டால் பொது அறிவுத் தாளில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலப் பத்திகளைக் கடிகாரம் வைத்துப் படித்துப் பழகுங்கள்.

எந்தப் பணி வேண்டும் என்று நீங்கள் தரும் விருப்ப வரிசையில் ஐ.எஃப்.எஸ்.ஸை (வெளியுறவுப் பணியை) யோசித்து எழுதுங்கள். அதில் நியமனம் பெற்று நீடிப்பவர், ஐ.ஏ.எஸ். வேண்டுமென்று மறுபடி தேர்வெழுத முடியாது.

தேர்வானவர்களுக்கு முசூரி குடிமைப் பணி அகாடமியிலும் டெல்லி சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்திலும் பயிற்சி. அயல்மொழி ஒன்றும் ஒதுக்கப்படும். அதில் தேறாமல் பணி உறுதியாகாது. ஊரின் அழகைப் பார்த்து மொழி கேட்பது தவறு. அந்த மொழி எத்தனை தூதரகங்களில் பயன்படும், டெல்லிக்கு அந்த நாடுகள் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்கில் மட்டும் 22 நாடுகள். சீனம் கடினம், ஆனால் சீன அனுபவத்தின் எடை பெரிது: சிவசங்கர் மேனன், நிருபமா ராவ், ஜெய்சங்கர், விஜய் கோகலே, விக்ரம் மிஸ்ரி ஐவருமே பெய்ஜிங்கில் தூதராக இருந்து பின்னர் வெளியுறவு அமைச்சகத்தின் தலைமை அதிகாரியான வெளியுறவுச் செயலரானவர்கள். இவர்களில் ஜெய்சங்கர் பணியின் தொடக்கத்தில் கற்றது ரஷ்ய மொழி. ஆகவே கிடைத்த மொழி எதுவானாலும் அதில் ஆழமாக இறங்குங்கள்.

தூதரகத்தில் மூன்றாம் செயலர் முதல் கவுன்சிலர், மினிஸ்டர் (அமைச்சர் அல்ல, தூதரக அதிகாரி) வரை பதவிகள் மாறினாலும் உங்களை எடைபோடுவது உங்கள் அறிக்கைகள்தாம். சந்திப்பு முடிந்த அன்றே குறிப்பை எழுதிவிடுங்கள். நீங்கள் சந்தித்தவர் சொன்னது ஒரு பத்தி, உங்கள் கணிப்பு தனிப் பத்தி. இரண்டும் கலந்தால், அந்த நாடு சொல்லாத ஒன்றை நம்பி டெல்லி முடிவெடுக்கும். அனுமதி பெறாத வாக்குறுதி எதையும் கொடுக்காதீர்கள், விருந்து மேசையில்கூட.

தூதராகத் தேர்வான பிறகும் அவசரம் கூடாது. தூதரக உறவுகளுக்கான 1961 வியன்னா உடன்படிக்கையின் 4ஆம் பிரிவுப்படி, ஏற்கும் நாட்டின் ஒப்புதல் முதலில் வர வேண்டும். மறுத்தால் அந்த நாடு காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஒப்புதல் வரும்வரை பெயரை வெளியே விடக் கூடாது. போய் இறங்கியதும், உங்களைத் தூதராக அறிவிக்கும் நற்சான்றுக் கடிதத்தின் நகலை அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தில் கொடுங்கள். மூலக் கடிதம் நாட்டுத் தலைவரின் கைக்கு, அவர்கள் குறித்துத் தரும் நாளில்.