பழைய வீட்டில் வரலாற்று வகுப்பா? இந்தத் தவறுகளைத் தவிர்க்கலாம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிரிட்டிஷ் காலனிக் காலத்து வீடு ஒன்றில் நான் தன்னார்வ வழிகாட்டி. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். இரண்டு மணி நேரத்தில் மெழுகுவர்த்தி செய்து, வெண்ணெய் எடுத்து, இறகுப் பேனாவால் பெயர் எழுதிவிட்டுக் கிளம்புவார்கள். இப்படி வகுப்பு நடத்துகிறவர்களும், துணைக்கு வரும் பெற்றோரும் வழக்கமாகச் செய்கிற தவறுகள் சில உண்டு. பாதி நானே செய்தவை.

நேரத்துக்கு மேல் வேலைகளை அடைப்பதுதான் முதல் தவறு. ஐந்து மேசை போட்டு ஆளுக்குக் கால் மணி நேரம் கொடுத்தால், வரிசையில் நின்றது மட்டும்தான் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். இரண்டு மூன்று வேலை போதும்.

மெழுகுவர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான தகர டின்னில் வெந்நீர், அதன்மேல் மிதக்கும் மெழுகு. திரியை முக்கியதும் சட்டென்று எடுத்துவிட வேண்டும். உள்ளேயே வைத்துக்கொண்டு நின்றால் ஏற்கெனவே ஒட்டியதும் உருகிவிடும். முதல் வருடம் இதை நான் சொல்ல மறந்தேன். ஒரு பையன் ஏழெட்டு முறை முக்கிவிட்டு வெறும் திரியோடு வந்து நின்றான். முக்கி எடுத்து, அறையை ஒரு சுற்று நடந்து, ஆறிய பிறகு மறுபடி முக்க வேண்டும். இருபது இருபத்தைந்து சுற்று நடந்தால் விரல் தடிமனுக்கு வரும்.

அப்புறம், நாம் கொடுப்பது பாரஃபினோ தேன்மெழுகோ. அன்றைய சாதாரண வீடுகளில் எரிந்தது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும். அதைச் சொல்லாமல் விட்டால், வீடு முழுக்கத் தேன் வாசம் வீசியதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். ஒரு டப்பாவில் கொழுப்புக் கட்டி வைத்திருங்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

வெண்ணெய்க்கு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு க்ரீமைக் கொடுக்காதீர்கள். கை வலிக்கக் குலுக்கினாலும் சீக்கிரம் திரளாது. ஜாடியைப் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. மத்தால் கடைந்து பழகிய நம்மூர்ப் பாட்டிகளுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்தது, சுவாரசியத்துக்காகக் கதை விடுவது. "அந்தக் காலத்தில் ஆட்கள் குள்ளம், அதனால்தான் வாசல் தாழ்வு" என்பார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டை போட்ட, அங்கேயே பிறந்த வெள்ளைக்கார ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 5 அடி 8 அங்குலம். இன்றைக்கும் அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. பிரசவத்துக்கு அடுத்தபடியாகப் பெண்கள் பாவாடையில் தீப்பிடித்துத்தான் அதிகம் இறந்தார்கள் என்பதும் ஆதாரமில்லாத கதை. உயிரை வாங்கியது நோய். சொன்னதும் பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள், அதற்காகவே நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது விட்டுவிட்டேன்.

"எல்லாவற்றையும் தாங்களே செய்துகொண்டார்கள்" என்பது அதைவிடப் பெரிய கதை. தேயிலை சீனாவிலிருந்து வந்தது, சர்க்கரைப்பாகு கரீபியனிலிருந்து. வசதியானவர்களின் துணியில் நம் சோழமண்டலக் கரையின் பருத்தியும் இருந்தது. பாஸ்டனில் பிறந்து, 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல், 1718இல் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கு அனுப்பினார். அதை விற்ற பணத்துக்காகத்தான் அந்தக் கல்லூரி அவர் பெயரில், இன்றைய யேல் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

சரி, சர்க்கரைப்பாகுக்கு வருவோம். மாசசூசெட்ஸின் மெட்ஃபோர்ட் நகரில் ராயல் குடும்பத்தின் மாளிகை இருக்கிறது. ஐசக் ராயல் ஆன்டிகுவா தீவில் கரும்புத் தோட்டத்திலும் அடிமை வியாபாரத்திலும் சம்பாதித்தவர். 1737இல் இங்கே குடியேறியபோது அடிமைகள் 27 பேரையாவது கூட்டி வந்தார். மாளிகைக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த கட்டடம் இன்றும் நிற்கிறது. அங்கே அடிமையாக இருந்த பெலிண்டா, 12 வயதுகூட ஆகாதபோது ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டவர். 1783இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்து, ராயல் சொத்திலிருந்து ஆண்டுக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் ஓய்வூதியம் வாங்கினார். பிறகு பணம் நின்றுபோக, மறுபடி மறுபடி மனுப் போட வேண்டியிருந்தது.

அடிமைமுறை என்றால் தெற்குப் பருத்திக் காடுதான் என்று நினைக்கிற பிள்ளைக்கு இது புதிது. பின்னால் அமெரிக்காவாக ஆன பதிமூன்று காலனிகளிலும் அது இருந்தது. ஆகவே மெழுகுவர்த்தி கையில் இருக்கும்போதே கேளுங்கள்: இந்த வீட்டில் இதைச் செய்தது யார்? இதன் வெளிச்சத்தில் படித்தது யார்? எஜமானியம்மாவின் கவுனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு, சமையற்கட்டில் இருந்தவரை "வேலையாள்" என்று ஒரே வார்த்தையில் தாண்டுவதுதான் என் கணக்கில் முதல் தரத் தவறு.

அதற்காகப் பிள்ளைகளையே அடிமை, எஜமானன் என்று பிரித்து நடிக்க வைக்காதீர்கள். வகுப்பில் இருக்கும் ஒரே கறுப்பினக் குழந்தைக்கு அன்று என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். பூர்வகுடிகளைப் பற்றி "இருந்தார்கள்" என்று முடிப்பதும் வேண்டாம். வாம்பனோக் மக்கள் இன்றும் அதே மாநிலத்தில் வாழ்கிறார்கள்.

அசல் பொருள்களைத் தொடக் கொடுக்காதீர்கள். அதற்கு நகல்கள் போதும். பெற்றோர் கவனத்துக்கு ஒன்று: பிள்ளையின் ஜாடியை வாங்கி நீங்கள் குலுக்காதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். மெழுகுவர்த்தி நன்றாக ஆறிய பிறகு தாளில் சுற்றிக் கொடுங்கள். இளஞ்சூட்டோடு பையில் போட்டால் பஸ்ஸிலேயே வளைந்துவிடும்.