போட்டி அறிவிக்கும் முன் புள்ளி விதியை எழுதுங்கள்

இணையக் குழுமம் ஒன்றில் பங்களிப்பைப் பெருக்கப் போட்டி நடத்த விரும்புவோர், பரிசுத் தொகையைப் பற்றி யோசிப்பதற்கு முன், எந்தச் செயலுக்குப் புள்ளி கிடைக்கும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். நோக்கவுரையைப் படிப்பவர்கள் சிலரே. புள்ளி விதியையோ எல்லோரும் வரி வரியாகப் படித்து, அது இடங்கொடுக்கும் மிகச் சுலபமான வழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

டிஜிட்டல்ஓஷன் என்ற கணினிச் சேவை நிறுவனம் அக்டோபர் தோறும் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற மென்பொருள் பங்களிப்பு நிகழ்வில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உள்ள, யாரும் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மென்பொருள்களுக்கு நான்கு திருத்தங்களை அனுப்புவோருக்கு டி-சர்ட் என்பது அப்போதைய விதி. 2020-இல், விளக்கக் கோப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிய வெற்றுத் திருத்தங்கள் குவிந்து, சம்பளமின்றி அந்த மென்பொருள்களைப் பராமரிப்பவர்களைத் திணறடித்தன. சில நாள்களுக்குள்ளாகவே, பங்கேற்க முன்வந்த திட்டங்களில் ஏற்கப்பட்ட திருத்தங்கள் மட்டுமே கணக்கில் சேரும் என்று விதி மாறியது. உங்கள் போட்டியிலும் அனுப்பியதற்கு அல்ல, ஏற்கப்பட்டதற்கே புள்ளி கொடுங்கள்; சரிபார்க்கும் சுமை யார் தலையில் விழுமோ அவர்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெறுங்கள்.

அளவுகோலைத் தேர்வதிலும் கவனம் தேவை. விக்கிப்பீடியா போட்டிகளில் கட்டுரையின் குறைந்தபட்ச நீளத்தைச் சில வேளைகளில், கணினிச் சேமிப்பின் அலகான பைட்டுகளில் குறிப்பிடுவதுண்டு. ஆனால் கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும்; ‘தமிழ்’ என்ற சொல்லோ 15 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வகுத்த வரம்பைத் தமிழ்க் கட்டுரை பாதி வழியிலேயே தாண்டிவிடும். சான்று மேற்கோள்களையும், கட்டுரையோரச் சுருக்க அட்டவணைகளான தகவற்பெட்டிகளையும் நீக்கிவிட்டுச் சொற்களை எண்ணுவதே நியாயமானது. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே இடுவதற்குப் புள்ளி இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் பரிசு என்றால், இரண்டாம் வாரத்தில் முன்னணியில் இருப்பவரின் எண்ணிக்கையைப் பார்த்தவுடன் புதியவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இதற்கு இரண்டு மாற்றுகள் உண்டு. இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கிடையே 2018-இல் நடந்த வேங்கைத் திட்டம் என்ற கட்டுரைப் போட்டியில் தனிநபர் பரிசுகள் மாதந்தோறும் வழங்கப்பட்டதால், முதல் மாதத்தில் பின்தங்கியவருக்கும் அடுத்த மாதம் வாய்ப்பிருந்தது. 2015 முதல் நடக்கும் விக்கிப்பீடியா ஆசிய மாதம் என்ற போட்டியோ, குறிப்பிட்ட கட்டுரை எண்ணிக்கையை எட்டிய ஒவ்வொருவருக்கும் ஓர் அஞ்சலட்டையைப் பரிசாக வைத்தது. என் பரிந்துரை இரண்டாவது முறையே: செலவு குறைவு, பொறாமையும் குறைவு, பரிசுக்காகவே வந்து போகிறவர்களுக்கும் அதில் பெரிய ஈர்ப்பு இராது.

நடுவர்களின் எண்ணிக்கையைப் பங்கேற்பாளர்களைச் சேர்ப்பதற்கு முன் முடிவு செய்யுங்கள். மாதத்தில் 300 கட்டுரைகள் வந்தால் நாளுக்குப் பத்து. ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்றாலும் தினமும் இரண்டரை மணி நேர வேலை, அதைத் தன்னார்வலர் ஒருவர் தனியாகச் சுமக்க முடியாது. நடுவர் எழுதியதை வேறொரு நடுவரே மதிப்பிட வேண்டும். நிராகரிப்பதற்கான காரணத்தை இரண்டு மூன்று நாள்களுக்குள் தெரிவித்து, போட்டி முடியும் முன்பே திருத்திக்கொள்ள வாய்ப்பளித்தால் பிணக்குகள் பெரும்பாலும் எழுவதில்லை.

இறுதி நாளை ‘31 நள்ளிரவு’ என்று எழுதாமல், ‘31-ஆம் தேதி இரவு 11:59, இந்திய நேரம்’ என்று எழுதுங்கள். சிங்கப்பூரில் இருப்பவருக்கு அப்போது மறுநாள் அதிகாலை 2:29 ஆகியிருக்கும். பரிசுப் பணத்தை அறிவிப்புக்கு முன்பே ஒதுக்கி வையுங்கள். மின்பரிசுச் சீட்டுகள் பல, வாங்கிய நாட்டுக்கு வெளியே செல்லாதவை என்பதால் வெற்றியாளரின் நாட்டைக் கேட்டறிந்த பிறகே வாங்குங்கள். முகவரியை வெற்றி பெற்றவரிடம் மட்டும், தனி மின்னஞ்சலில் கேட்டுப் பெற்று, பரிசு சேர்ந்ததும் அழித்துவிடுங்கள்.

போட்டி முடிந்த மறுநாளே, முதல்முறையாகப் பங்களித்தவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரின் பேச்சுப் பக்கத்திலும் (விக்கிப்பீடியாவில் ஒருவருக்குச் செய்தி இடும் பக்கம்) அவர் எழுதியதைக் குறிப்பிட்டு, அடுத்து செய்யக்கூடிய சிறு வேலை ஒன்றைப் பரிந்துரையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பட்டியலில் எத்தனை பேர் இன்னும் பங்களிக்கிறார்கள் என்று பார்த்த பின்பே அடுத்த போட்டிக்கு நாள் குறியுங்கள்.