ஃபஸ் பெடல் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபஸ் பெடல் என்பது கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாகச் சிதைக்கும் சிறு மின்சுற்றுப் பெட்டி. அதைக் கட்டும்போது கம்பியை இடம் மாற்றிப் பற்றவைப்பது போன்ற பிழைகளை ஒருமுறை செய்தவர் பெரும்பாலும் மறுமுறை செய்வதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அண்மையில் புதியவர்கள் இருவர் கட்டிய பெடல்களைப் பழுதுபார்க்க நேர்ந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை இரண்டிலும் இருந்தது.

மல்டிமீட்டர் காட்டும் பெருக்கத்தை நம்புதல்

1966-இல் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலின் சுற்றில் இரண்டே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. டிரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என மூன்று முனைகள்; பேஸுக்குத் தரும் மின்னோட்டத்தைப் போல் எத்தனை மடங்கு கலெக்டர் வழியே ஓடுகிறது என்பதே அதன் பெருக்கம். முதலாவதன் பெருக்கம் 70 முதல் 80 வரையும், இரண்டாவதன் பெருக்கம் 110 முதல் 130 வரையும் இருப்பது நல்லது என்பது கட்டுவோரிடையே வழங்கும் கணக்கு. நானும் மல்டிமீட்டரில் செருகிப் பார்த்தே ஓர் இணையைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் இருக்க வேண்டிய 4.5 வோல்ட் (9 வோல்ட் மின்கலத்தில் பாதி) நிலைக்கவே இல்லை. அறை சூடேறிய பிற்பகல்களில் ஒலி நடுவிலேயே அறுந்தது. மின்தடைகளை மாற்றி மாற்றிப் பற்றவைத்ததில் பலகையின் செம்புத் தடங்களே உரிந்து வந்துவிட்டன. குறை மின்தடைகளில் இல்லை, நான் தேர்ந்தெடுத்த டிரான்சிஸ்டர்களில்தான் இருந்தது.

ஜெர்மானியத்தில் பேஸுக்கு மின்னோட்டம் தராதபோதும் கலெக்டர் வழியே சிறிது கசியும். மீட்டர் 10 மைக்ரோ ஆம்பியரைப் பேஸுக்குத் தருவதாகக் கொள்வோம். உண்மைப் பெருக்கம் 70-ஆகவும் கசிவு 300 மைக்ரோ ஆம்பியராகவும் இருந்தால், மொத்தம் 1000 மைக்ரோ ஆம்பியர் ஓடும். மீட்டரோ பெருக்கம் 100 என்று காட்டும். முதல் டிரான்சிஸ்டரின் 33 கிலோ ஓம் மின்தடை வழியே 9 வோல்ட்டில் அதிகபட்சம் சுமார் 270 மைக்ரோ ஆம்பியர்தான் ஓட முடியும் என்பதால், இவ்வளவு கசியும் ஒன்றை அங்கே வைத்தால் கிட்டாரின் ஒலிக்கு இடமே மிஞ்சுவதில்லை.

அளப்பது கடினமன்று. பி.என்.பி. வகை டிரான்சிஸ்டரின் எமிட்டரை 9 வோல்ட்டின் நேர்முனையிலும், கலெக்டரை 2.4 கிலோ ஓம் மின்தடை வழியே எதிர்முனையிலும் இணைத்து, அம்மின்தடையின் குறுக்கே உள்ள வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், 0.24 வோல்ட் என்றால் கசிவு 100 மைக்ரோ ஆம்பியர். பிறகு பேஸை 2.2 மெகா ஓம் வழியே எதிர்முனையில் இணைத்து, கூடிய வோல்ட்டை மட்டும் 100-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய உண்மையான பெருக்கம் கிடைக்கும். விரலின் சூடே கசிவைக் கூட்டிவிடும் என்பதால், தொட்ட பின் அளவு அடங்கும்வரை காத்திருப்பது அவசியம். பொருத்திய இணை என்று எண் எழுதி விற்கப்படுபவற்றையும் இப்படி அளக்காமல் நான் பயன்படுத்துவதில்லை. அந்த எண்களும் மீட்டரில் செருகிப் பார்த்தவையாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

நேரடியாகப் பற்றவைத்தல்

டிரான்சிஸ்டரைப் பலகையில் பற்றவைக்காமல், செருகிக் கழற்றக்கூடிய சாக்கெட் வையுங்கள்.

மின்வழங்கியைப் பகிர்தல்

பி.என்.பி. டிரான்சிஸ்டர்களைக் கொண்ட வழக்கமான ஃபஸ் பெடலில் நேர்முனையே தரை (சுற்றின் பொதுமுனை). எதிர்முனையைத் தரையாகக் கொண்ட மற்றப் பெடல்களோடு ஒரே மின்வழங்கியில் அதை இணைத்தால் குறுக்குச்சுற்று ஏற்படும். அதற்கெனத் தனி மின்கலம் வைப்பதே பாதுகாப்பானது.

முன்னால் பஃபர்

கிட்டாருக்கும் இந்தப் பெடலுக்கும் இடையே பஃபர் (கிட்டாரின் சமிக்ஞையை வலுவாக்கி அனுப்பும் சுற்று) வேண்டாம். கிட்டாரின் வால்யூமைக் குறைக்கும்போது ஒலி தெளிவடைவது, கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப் நேரடியாக இந்தச் சுற்றின் தாழ்ந்த உள்ளீட்டு மின்மறுப்பைச் சந்திப்பதால்தான்.