சவரக்கத்திக்குச் சாணைக்கல்: தேர்வும் பராமரிப்பும்

மடக்குச் சவரக்கத்தி வாங்குகிறவர்களில் பலர், இறுதி மெருகுக்கான 12000 கிரிட் கல்லுக்கே முதலில் பணத்தைக் கொட்டுகிறார்கள் (கிரிட் என்பது கல்லிலுள்ள துகளின் நுண்மையைக் காட்டும் எண்; எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகும்). கத்தியின் வாய் உருவாவதோ 1000 கிரிட் கல்லில். ஆகவே செலவைச் சுருக்க நினைப்பவர் நல்லதொரு 1000 கிரிட் கல், அடுத்து 4000, 8000 இரண்டும் ஒட்டிய இருபக்கக் கல், அவற்றைச் சமன்செய்ய வைரத்துகள் பதித்த ஒரு வைரத்தகடு என்ற வரிசையில் வாங்குவதே என் பரிந்துரை. தோல்வாரில் ஒழுங்காகத் தீட்டத் தெரிந்தவர் 8000 கல்லோடு நிறுத்திக்கொண்டாலும் முகம் எரியாமல் சவரம் செய்யலாம்.

எண்களை வாங்கும் முன் புரிந்துகொள்வது நல்லது. ஜப்பானியத் தர அளவீட்டில் 1000 கல்லின் துகள் ஏறக்குறைய 11.5 மைக்ரான், 4000 கல்லினுடையது 3 மைக்ரான், 8000 கல்லினுடையது 1.2 மைக்ரான். 1000 கல்லிலிருந்து நேரே 8000 கல்லுக்குத் தாவினால், முந்தைய கல் விட்டுச்சென்ற ஆழமான கீறல்களை அந்த மெல்லிய துகள்கள் எளிதில் அழிக்கமாட்டா. வேறு நாட்டு அளவீட்டில் அச்சிடப்பட்ட எண்ணை இந்த எண்ணோடு அப்படியே ஒப்பிடவும் கூடாது.

பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிக்யூல், கியோட்டோவைச் சுற்றிய மலைகளின் கற்கள் போன்ற இயற்கைக் கற்களுக்குத் தனி அழகு உண்டு. ஆனால் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு குணம் என்பதால், முதல் கல்லாக அவற்றை நான் சொல்லமாட்டேன். செயற்கைக் கல்லில் ஒரே எண்ணுக்கு ஒரே பலன் கிடைக்கும். பிழை கையிலா கல்லிலா என்பது உடனே தெரிந்துவிடும்.

பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, பழைய கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துப் பேரம் பேசும் வாய்ப்பு சிங்கப்பூரில் குறைந்துவிட்டது. இணையத்தில் பழைய கல் வாங்குபவர், விற்பவரை நேரில் சந்தித்து விரல் நகத்தால் கல்லைத் தட்டிப் பார்க்கவேண்டும்; உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மழுங்கிக் கேட்கும். எண்ணெய் ஊறிய கல்லைத் தண்ணீருக்கு மாற்றுவது பெரும்பாடு, அதைத் தவிர்த்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர் 9 விழுக்காடு பொருள் சேவை வரியோடு கல்லின் எடைக்கான அஞ்சல் செலவையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பராமரிப்பில் முதலிடம் சமதளத்துக்கே. சமையல் கத்தியைத் தீட்டும்போது சாய்வைக் கையால் பிடிக்கிறோம். சவரக்கத்தியிலோ முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்து, சாய்வு தானாகவே அமைகிறது. கல்லின் நடுவில் சிறு பள்ளம் விழுந்தாலும் அந்தச் சாய்வு மாறி, வாயின் ஒரு பகுதி கல்லைத் தொடாமலே போய்விடும். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, வழியும் தண்ணீரின் கீழ் வைரத்தகட்டை எட்டு வடிவத்தில் மெல்ல ஓட்டுங்கள். ஓரக் கோடுகள் முதலில் மறையும், நடுவிலுள்ள சாம்பல்நிறக் கோடுகள் பிடிவாதமாக நிற்கும். அவையும் முற்றிலும் மறையும்வரை நிறுத்தவேண்டாம். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுக் கல்லுக்கும் இது பொருந்தும். பல கற்களை ஒரே தகட்டில் சமன்செய்தால் மிக நுண்ணிய கல்லில் தொடங்கி முரட்டுக் கல்லுக்கு வாருங்கள். 1000 கல்லின் ஒற்றைத் துகள் 8000 கல்லில் ஒட்டிக்கொண்டாலும் கத்தியின் வாயில் கீறல் விழும். கடைசியாக, கல்லின் நான்கு விளிம்புகளையும் தகட்டில் லேசாகத் தேய்த்து மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் கூரான விளிம்பே கத்தியைக் கடித்துவிடும்.

தீட்டும்போது கல்லில் படியும் கருங்கோடுகள் உங்கள் கத்தியின் எஃகுத் துகள்களே. அவை துளைகளை அடைத்துக் கல்லைப் பளபளப்பாக்கிவிட்டால் கத்தி வழுக்கும், வெட்டு ஏறாது. கல்லின் முகத்தைத் தேய்க்க உதவும் நகுரா என்ற சிறு கல்லாலோ வைரத்தகட்டாலோ மெல்லத் தேய்த்தால் சரியாகும். அழுத்தித் தீட்டுவது இதற்கு மருந்தல்ல.

நனைப்பதற்கும் பொதுவிதி கிடையாது. கிங் என்ற நிறுவனப் பெயரில் வருபவை போன்ற மென்மையான கற்கள் ஊறவேண்டும். துகள்களை மக்னீசியத்தால் பிணைத்த கற்களை நெடுநேரம் ஊறவைத்தால் பிணைப்புக் கரைந்து, காயும்போது வெடிப்பு விடும். அவற்றுக்கு மேலே தண்ணீர் தெளித்தாலே போதும்.

ஆண்டு முழுதும் காற்றில் ஈரம் நிற்கும் நம் ஊரில், உலர்த்துவதுதான் பலரும் அவசரப்படும் இடம். ஈரக் கல்லைப் பெட்டியில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னல் வெயிலில் வைத்தாலோ குளிர்சாதனக் காற்று நேரே படும்படி வைத்தாலோ, மேற்புறம் முந்திக் காய்ந்து விரிசல் விழலாம். பக்கவாட்டில் நிறுத்தி, இரு முகங்களிலும் காற்றுப் படும்படி நிழலில் இரண்டொரு நாள் விடுங்கள். கேமராவுக்கான ஈரநீக்கப் பெட்டி வீட்டில் இருந்தால் எண்ணெய் தடவிய கத்திக்கு அது நல்ல இடம்; கல்லை அதில் வைப்பதாக இருந்தால், நன்றாக உலர்ந்த பின்னரே வைக்கவேண்டும், ஏனென்றால் கல் விடும் ஈரமே கத்தியில் துருவேற்றும்.